முத்து வராத வருஷங்கள்

ஜேம்ஸ் ஹார்னெல் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது சங்கு அறுக்கும் தொழில் பற்றிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில். கொஞ்ச நாள் கழித்துப் பழைய படகுகள் பற்றிப் படித்தபோது அங்கேயும் அதே பெயர். மூன்றாவது தடவைதான் சந்தேகம் வந்தது. பிள்ளைகள் விரலில் நூலைச் சுற்றி உருவம் செய்து விளையாடுவார்கள் இல்லையா, பிஜி பக்கத்துத் தீவுகளில் அந்த விளையாட்டு எப்படி இருக்கிறது என்று 1927ல் ஹவாயில் ஒரு அருங்காட்சியகம் ஒரு நூல் போட்டிருக்கிறது. எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

மூன்றும் ஒரே ஆளா என்று உட்கார்ந்து தேடினேன். ஒரே ஆள்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரை நம்ம பக்கம் கூட்டிக்கொண்டு வந்த வேலை இது மூன்றுமே இல்லை, முத்து. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஏன் வருகிறது, ஏன் காணாமல் போகிறது என்று சொல்வதற்காக வந்தவர். அவர் சென்னை அரசாங்க வேலையில் இருந்த 16 வருஷமும் தூத்துக்குடிக் கடல் அவருக்கு அநேகமாக முத்தே தரவில்லை.

இதைப் படித்த நேரத்தில் எனக்கு வயது 43. ஒரே கம்பெனியில் 11 வருஷம், அதில் 9 வருஷம் ஒரே சிஸ்டம். ராத்திரி 11 மணிக்கு மேல் ஓடும் பேட்ச் ஜாப்கள். காலையில் எல்லாம் பச்சையாக இருந்தால் யாருக்கும் என் ஞாபகம் வராது. சிவப்பாக இருந்தால் எல்லாருக்கும் வரும். அந்த வருஷம் அப்ரைசலில், "அடுத்த லெவலுக்கு உங்க ஏரியால ரோல் இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் என்னைவிட ஆறு வயது சின்னவர், நல்ல மனுஷன், அவரைச் சொல்லி என்ன பண்ண. வேலையை விடலாமா, புதுசா ஏதாவது கோர்ஸ் படிக்கலாமா என்று ராத்திரி எல்லாம் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். அதனால் ஹார்னெல் கதையை வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை. என் ஊர் தூத்துக்குடி என்பது இன்னொரு காரணம்.

முதலில் அவருடைய வேலை என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அது புரிந்தால்தான் அந்தத் தேக்கம் புரியும்.

முத்துச்சிப்பி கடலில் எல்லா இடத்திலும் இருக்காது. மன்னார் வளைகுடாவின் அடித்தரை பெரும்பாலும் மணல். நடுநடுவே பாறைத் திட்டுகள் இருக்கும். அவற்றைப் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தொள்ளாயிரம் பார் அதில் பேர்போனது. சிப்பியின் குஞ்சு பிறந்ததும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மூன்று வாரம் போல மிதந்து திரியும். பிறகு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும். மணலில் விழுந்தால் போச்சு. பாரில் விழுந்தால் பிழைக்கும். பிழைத்தாலும் முத்து எடுக்கத் தகுந்த பருவம் வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதற்குள் திருக்கை தின்னலாம், கிளாத்தி தின்னலாம், நட்சத்திர மீன் தின்னலாம். சூரன் என்று ஒரு மட்டி இருக்கிறது, அது பாய் விரித்த மாதிரி மேலே படர்ந்து சிப்பியை மூச்சுத் திணற வைத்துவிடும். பருவக் காற்று திரும்பும்போது மணல் வந்து மொத்தப் பாரையும் மூடலாம்.

அதனால் அரசாங்கம் அடிக்கடி ஆட்களை இறக்கிப் பார்களைச் சோதிக்கும். ஒரு முங்கில் எத்தனை சிப்பி வருகிறது, என்ன வயது, ஆயிரம் சிப்பியை அறுத்துப் பார்த்தால் எவ்வளவு மதிப்புக்கு முத்து தேறுகிறது என்று கணக்குப் போட்டு, அந்த வருஷம் சலாபம் நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. நடத்தினால் சில வாரத்துக்கு ஒரு ஊரே கடற்கரையில் முளைக்கும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. ஏலம், வியாபாரிகள், அழுகின சிப்பி நாற்றம், ஈ, சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று ஒரு ஆள். அவருக்கும் கூலி உண்டு!

தூத்துக்குடிப் பக்கம் 20ஆம் நூற்றாண்டில் சலாபம் நடந்த வருஷங்களை ஒரே வரியில் எழுதிவிடலாம்: 1900, 1908, 1914, 1926 முதல் 1928 வரை, 1955 முதல் 1961 வரை. இதில் 1914ல் நடந்தது தூத்துக்குடியில்கூட இல்லை, பாக் நீரிணையில் தொண்டியில். 1961க்குப் பிறகு இன்றுவரை இல்லை.

ஹார்னெல் 1865ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆங்கிலக் கால்வாயில் ஜெர்சித் தீவில் தன் மாமனாரோடு சேர்ந்து ஒரு சின்னக் கடல் உயிரியல் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். கடல் உயிரிகளைப் பதப்படுத்திக் கல்லூரிகளுக்கு விற்பார்கள். பெரிய வருமானம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1902ல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேன் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்தபோது உதவிக்கு இவரைக் கூட்டிவந்தார். பேராசிரியர் சில மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். ஹார்னெல் இருந்துவிட்டார். வயது அப்போது 37.

ஆரம்பம் அமோகம். 1903லிருந்து இலங்கைப் பக்கம் வரிசையாகச் சலாபம். 1905ல் மட்டும் இலங்கை அரசுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தக் காலத்து 25 லட்சம். விஞ்ஞானம் வந்தாச்சு, இனிமேல் கடல் நம்ம சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கையில் 1906ல் லண்டன் கம்பெனி ஒன்று 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். ஹெர்ட்மேனின் பரிந்துரைகள் கையில் இருந்தன: குஞ்சுச் சிப்பிகளை ஆபத்தான பாரிலிருந்து பத்திரமான பாருக்கு மாற்று, அடியில் கல் போட்டு ஒட்ட இடம் கொடு. காகிதத்தில் எல்லாமே சரி. 1907ல் ஒரு சலாபம் நடந்தது. அதோடு சரி. அடுத்த சலாபம் அந்தப் பக்கம் 1925ல்தான். கம்பெனி அதற்கு ரொம்ப முன்னாலேயே கலைந்து போயிருந்தது.

ஒன்று கவனியுங்கள். அந்த நல்ல வருஷங்களில் வந்த சிப்பிகள், ஹெர்ட்மேனும் ஹார்னெலும் கப்பலில் வருவதற்கு முன்னாலேயோ வந்த சமயத்திலோ பாரில் ஒட்டியவை. நாலு வருஷம் முந்தி யாரும் பார்க்காத நேரத்தில் நடந்த ஒன்றுக்கு இப்போது பாராட்டு கிடைக்கிறது. நம்ம ஃபீல்டிலும் இது உண்டு. ஒரு மேனேஜர் வருவார், பிராஜெக்ட் நன்றாகப் போகும், அடுத்த ஆள் வருவார், எல்லாம் சரியும். இரண்டுமே அவர்கள் வருவதற்கு முன்னால் எழுதின கோட்.

1908ல் ஹார்னெல் இந்தக் கரைக்கு மாறினார். சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவருடைய கதையும் தனியாக எழுத வேண்டியது. ஐ.சி.எஸ். அதிகாரி, 1890களில் விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று பெரிய அறிக்கை எழுதியவர், ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் வாங்காத இயக்குநராக மீனுக்கு வந்தவர். இவருக்கும் முந்தி, 1890ல் இந்த வளைகுடாவின் முத்து, சங்கு பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் டாக்டருக்குப் படித்தவர், அருங்காட்சியகம் நடத்தியவர், கடைசியில் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி எழுதியவர். இந்தக் கடலுக்கு நேர்வழியில் வந்த ஒரு ஆளைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1908 என்றதும் தூத்துக்குடிக்காரனுக்கு வேறு ஒரு ஞாபகம் வரும். வ.உ.சி. கைதான வருஷம். சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி சிப்பி தேடி வந்து வேலையில் சேரும்போது, அதே கடலில் கப்பல் விட்ட வக்கீல் ஜெயிலுக்குப் போகிறார், சன்னதும் போகிறது. சிறைக்காலத்தில் வ.உ.சி. ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார், 'மனம்போல வாழ்வு' என்று 1909ல் வந்தது. இன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் இருக்கும் சுயமுன்னேற்ற நூல்களுக்கெல்லாம் தாத்தா அது. அதை மொழிபெயர்த்தவருக்கு வெளியே வந்தபின் கிடைத்த வாழ்வு கஷ்ட ஜீவனம். மனசை மாற்று, எல்லாம் மாறும் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். அதனால் ஹார்னெலைப் பற்றிச் சொல்லும்போதும், அவருக்குக் கிடைத்த சௌகரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலையில் சேர்ந்தாயிற்று. முத்து இல்லை. என்ன செய்தார்?

அவர் எழுதியவற்றை வருஷவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இதுதான் எனக்கு உண்மையில் கண் திறந்த இடம். 1914ல் தொண்டிச் சலாபம் பற்றிய அரசு அறிக்கை. அதே 1914ல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகம். 1916ல் முத்துச் சலாபங்கள் ஏன் ஒழுங்கில்லாமல் வந்து போகின்றன என்று ஒரு விளக்கம். 1920ல் இந்தியப் படகுகளின் அமைப்பும் தோற்றமும் பற்றி வங்காள ஆசியவியல் கழகத்துக்கு ஒரு நீண்ட ஆய்வு. 1922ல் மறுபடி முத்து, மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டையும் சேர்த்து. 1923ல் படகின் முகப்பில் கண் வரையும் வழக்கம் பற்றி லண்டனில் ஒரு மானுடவியல் இதழில் கட்டுரை.

முத்து, சங்கு, முத்து, படகு, முத்து, படகின் கண். அவர் பழைய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வேலைக்குப் போகவில்லை. 'என் பேஷன் இதுதான்' என்று ஒருநாள் முடிவு எடுத்ததாகவும் தெரியவில்லை. முத்து விவகாரத்தில் கடைசிவரை நேர்மையாக உழைத்திருக்கிறார். அதிலும் 1916 கட்டுரையைப் பாருங்கள், அந்தத் தலைப்பே அவருடைய தோல்வியைப் பற்றியது. எதிர்பார்த்தது ஏன் நடக்கவில்லை என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தலைப்பைத் தொட்டிருக்க மாட்டேன்.

சங்கு எப்படி வந்தது? அது அவருடைய வேலைக்குப் பக்கத்து அறை மாதிரி. முத்தும் சங்கும் ஒரே அலுவலகத்தின் கீழ் இருந்தன. முத்து வராத வருஷத்தில் அதே பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் சங்கு குளித்தார்கள். சங்கு அரசாங்கத்தின் ஏகபோகம். எடுத்ததெல்லாம் வங்காளத்துக்குப் போகும். அங்கே டாக்காவிலும் மற்ற ஊர்களிலும் அறுத்துக் கல்யாணப் பெண்களுக்கு வளையல் ஆக்குவார்கள். அதிகாரியாக அவருக்குத் தெரிய வேண்டியது ஒரு சங்கு என்ன விலைக்குப் போகும் என்பது மட்டும்தான். ஆனால் வளையலுக்கு ஏன் இந்தச் சங்குதான் வேண்டும், யார் அறுக்கிறார்கள், எந்த வாளால் அறுக்கிறார்கள், எப்போதிலிருந்து என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனார். கொற்கையில் போய் மண்ணில் கிடந்த அறுபட்ட சங்குத் துண்டுகளைப் பொறுக்கினார். இன்றைக்கு ஊருக்குள் தள்ளி வயல் நடுவே இருக்கும் அந்தக் கிராமத்தில், பாண்டியர் துறைமுகமாக இருந்த காலத்தில் சங்கு அறுக்கும் பட்டறைகள் நடந்திருக்கின்றன என்று அந்தத் துண்டுகளை வைத்துச் சொன்னார். மீன்துறை அதிகாரி ஒருவர் தொல்லியல் பார்க்கிறார்! கேட்டால், சங்கு என் இலாகா என்று சொல்லியிருப்பார்.

படகு இன்னும் கிட்டே இருந்தது. காலுக்குக் கீழேயே. இத்தனை வருஷமாகச் சோதனைக்குப் போன படகின் மேல் நின்றுகொண்டு அவர் அடித்தரையைத்தான் பார்த்திருப்பார். தூத்துக்குடியில் தோணி, ராமேஸ்வரம் பக்கம் வேறு, கோடியக்கரைக்கு மேலே கட்டுமரம், அதிலும் ஊருக்கு ஊர் கட்டுகிற விதம் வேறு. சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு மிதவைக் கட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள், படகு கவிழாமல் இருக்க. அந்தக் கட்டை இந்தோனேசியா, பாலினேசியா எங்கும் உண்டு, இந்தியாவில் சில இடங்களில் மட்டும் உண்டு. ஏன்? இந்தக் கேள்வியிலிருந்து அவர் போட்ட கோட்டை இன்று அப்படியே ஏற்க முடியாது. படகின் அமைப்பை வைத்து எந்தச் சாதி எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அந்தக் காலத்து இனவாதக் கோட்பாடுகளோடு சேர்த்து நிறைய ஊகித்திருக்கிறார். ஆனால் எந்தக் கரையில் எந்தப் படகு, எப்படிக் கட்டினார்கள் என்ற விவரம் இருக்கிறதே, அது தங்கம். பிளைவுட்டும் ஃபைபரும் வந்து அந்தப் படகுகளில் பல மறைந்த பிறகு, அவர் எழுதி வைத்ததுதான் சாட்சி.

1924ல் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு. வயது 59. அதே வருஷம் 'செயின்ட் ஜார்ஜ்' என்ற கப்பலில் பசிபிக் தீவுகளுக்குப் போன ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். எந்தப் பொறுப்பில் தெரியுமா? மானுடவியலாளர். கடல் உயிரியல்காரர் இல்லை. நான் முதலில் சொன்ன நூல் விளையாட்டு அந்தப் பயணத்தில் கிடைத்தது. பிறகு ஓசியானியாவின் படகுகள் பற்றி ஏ.சி. ஹேடனோடு சேர்ந்து மூன்று தொகுதி, 1936லிருந்து. 1946ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'வாட்டர் டிரான்ஸ்போர்ட்', உலகத்தின் ஆதிகால நீர் வாகனங்கள் எல்லாவற்றையும் பற்றி. அப்போது அவருக்கு 81. 1949ல் இறந்தார். படகு வரலாறு படிப்பவர்களுக்கு இன்றும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. முத்து நிபுணர் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதில் ஒரு குசும்பு இருக்கிறது. அவர் ஓய்வு பெற்று இரண்டே வருஷத்தில், 1926ல், தூத்துக்குடியில் சிப்பி திரும்பி வந்தது. 26, 27, 28 மூன்று வருஷமும் சலாபம். அந்தச் சிப்பிகள் பாரில் ஒட்டியபோது அவர்தான் இயக்குநர். மறுபடியும் அதே கணக்கு.

இப்போது சௌகரியத்துக்கு வருகிறேன். ஹார்னெலுக்கு முத்து வந்தாலும் வராவிட்டாலும் மாதச் சம்பளம் உண்டு. சும்மா இருந்த நேரத்துக்கும் சம்பளம். அவர் படகை வேடிக்கை பார்த்தது அந்தக் காசில்தான். அதே படகில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவருக்குப் பங்கு மட்டும்தான், சிப்பி இல்லையென்றால் பூஜ்யம். முத்துக்குளிக்கும்போது மேலே கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், அவன்தான் தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காக இழுப்பான் என்று ஊரில் சொல்வார்கள். அந்த அளவுக்கு உயிர் விஷயம்.

உலகத்திலேயே இந்தத் தொழில் இருந்த இடமெல்லாம் ஒரே சமயத்தில் அடிவாங்கியது. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நூடுல்ஸ் கடைக்காரர் மகன் அவர். 1920களில் அந்த முத்து ஐரோப்பாவுக்குப் போனது, 1930 வாக்கில் இயற்கை முத்தின் விலை சரிந்தது. பஹ்ரைனில் ஆயிரக்கணக்கான முத்துக்குளிப்பவர்கள் கடனில் மூழ்கினார்கள். 1932ல் அங்கே எண்ணெய் கிடைத்தது, பலர் அங்கே கூலிக்குப் போனார்கள். அதை 'புதிய திசை' என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

நம்ம கரையில் எண்ணெய் இல்லை, சங்கு இருந்தது. இன்னொன்றும் நடந்தது. 1961க்குப் பிறகு சிப்பி வராமலே இருந்தபோது, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் கேள்வியையே மாற்றினார்கள். முத்து எப்போது வரும் என்பதை விட்டுவிட்டு, நாமே உண்டாக்க முடியுமா என்று பார்த்தார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1972ல் பண்ணை தொடங்கி, சிப்பிக்குள் சின்ன மணியை வைத்து, 1973ல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல். 1981ல் குஞ்சையும் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். பாருக்காகவும் நீரோட்டத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. ஜப்பான் மாதிரி இங்கே அது பெரிய தொழிலாகவில்லை, அது வேறு கதை. ஆனால் ஹார்னெலும் இவர்களும் ஒரே காலிக் கடலை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு விதமாக நகர்ந்தார்கள். அவர் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார், இவர்கள் கேள்வியைத் திருப்பினார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திரேஸ்புரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். கடைசிச் சலாபத்தில் அவர் குளித்திருக்கிறார், 20 வயதுகூட ஆகாத பையனாக.

"முத்து கிடைச்சுதா பெரியப்பா?" என்றேன்.

"எப்பவாச்சும் வாரதுதான தம்பி அது. எங்களுக்குச் சோறு போட்டது சங்கு."

அந்தக் காலத்தில் கல்லோடும் கயிற்றோடும் இறங்கியது, இப்போது பையன்கள் கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவது, அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் கைகால் விழுந்துபோவது எல்லாம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கிய?"

"கம்ப்யூட்டர்ல பெரியப்பா. பழைய புரோகிராம் ஒண்ணு, அது நிக்காம ஓடுதான்னு பாத்துக்கிடணும்."

"நிக்குமோ?"

"அப்பப்ப நின்னுரும். திருப்பி ஓட வைப்போம்."

"ஏன் நிக்குதுன்னு பாத்தியளா?"

பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தடவை ஏன் நின்றது என்று மட்டும் பார்த்திருக்கிறேன். 9 வருஷத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

சென்னைக்கு வந்து பழைய டிக்கெட்டுகளை எல்லாம் இறக்கினேன். பெயில் ஆனவை 412. வார நாள், மாத நாள், டேட்டா அளவு, அதற்கு முந்தின வாரம் வேறு எந்த டீம் என்ன மாற்றியது என்று ஒரு ஷீட் போட்டேன். இதை யாரும் கேட்கவில்லை, வேலை முடிந்த பிறகும் சனிக்கிழமைகளிலும் செய்தேன். எனக்குச் சம்பளம் நிற்காது என்பதால் செய்ய முடிந்தது, அதை மறக்கவில்லை. பாதிக்கு மேல் மூன்றே மூன்று காரணம். அதில் ஒன்று எங்கள் சிஸ்டத்திலேயே இல்லை, எங்களுக்கு ஃபைல் அனுப்பும் இன்னொரு டீமின் பழைய வழக்கம். அவர்களோடு பேசப் போய், அவர்களுடைய ஃபைலின் கதையைக் கேட்டேன். அது அதற்கும் முந்தின ஒரு மெயின்ஃப்ரேமின் மிச்சம். அந்த மெயின்ஃப்ரேம் தேதியை ஏன் அப்படி எழுதியது என்பதில் இப்போது மாட்டியிருக்கிறேன்.

புரமோஷன் வரவில்லை. ஆனால் இரண்டு டீமிலிருந்து தங்கள் டிக்கெட்டுகளையும் அப்படிப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எழுதி வைத்த குறிப்பு 22 பக்கம் ஆகிவிட்டது. பிப்ரவரி மாசத்துப் பெயிலியர்கள் மட்டும் எந்தக் காரணத்துக்குள்ளும் அடங்க மாட்டேன் என்கின்றன.